தெமோதரையில் என் கூடை நிறைந்த கதை

இந்தப் பதிவின் முகப்பில் ஒரு படம் இருக்கிறது. சிவப்புச் சேலை, முதுகில் பிரம்புக் கூடை, கூடை நிறையக் கொழுந்து, காது வரை சிரிப்போடு நான். படத்தைப் பார்த்துவிட்டு "எங்கே இது, எவ்வளவு ஆகும்?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சம்பளப் பிரிவில் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள். போன மாதக் கடைசியில் ஐந்து நாள் லீவு கிடைத்தது. குளிரான இடம், தமிழ் பேசுகிற ஊர், தனியாகப் போனாலும் பயமில்லை என்று தோழி ஒருத்தி சொன்னதை நம்பி இலங்கைக்கு விமானம் ஏறினேன்.

மலைநாட்டு ஊரான பதுளையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை. ஒரு நாளைக்கு 4,500 ரூபாய் (கணக்கெல்லாம் இலங்கை ரூபாயில்). கீழே கடை வைத்திருக்கிற பாய்தான் உரிமையாளர். வெந்நீர் வரும், கொஞ்சம் கெஞ்ச வேண்டும். பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவில் இதே அறை இரண்டு மடங்கு. மூன்றாம் நாள் மதியம் 12.40க்குத் தெமோதரைக்கு பஸ் பிடித்தேன். முக்கால் மணி நேரம், 90 ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்.

தெமோதரையிலிருந்து, வெளியாட்களைக் கொழுந்து பறிக்க விடுகிற தேயிலைத் தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் ஏற்றம். ஆட்டோ 400. ஓட்டியவர் மோகன். ஐம்பது வயதிருக்கும், தோட்டத்திலேயே பிறந்தவர்.

"கொழுந்து பறிக்கிற ஷோவுக்கா போறீங்க?"

"ஷோவா?"

"நாங்க அப்படித்தாங்க சொல்றது. போயிட்டு வாங்க. நாலரைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவர் சிரித்த சிரிப்பை அப்போதே கவனித்திருக்க வேண்டும். எனக்கு எங்கே புத்தி வந்தது?

ஒரு மணி நேரம் கொழுந்து பறிக்க டிக்கெட் 5,000. சேலை, கூடை, ஒரு படம், முடிவில் தேநீரும் கேக்கும். வாசலில் பெரிய பலகை: எங்கள் தொழிலாளர் எங்கள் குடும்பம், உங்கள் டிக்கெட்டின் ஒவ்வொரு ரூபாயும் அவர்கள் வாழ்வுக்கு. படித்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. டி-ஷர்ட் போட்ட பொறுப்பாளர் தம்பி தூரத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைக் காட்டினார். ரயில் பாதையைப் பார்த்த சுவர் முழுக்க மஞ்சள் பூக்கள் வரைந்திருந்தது. "எல்லாம் டிக்கெட் காசுலதான் மேடம்," என்றார். மேலே ஏறிய பிறகு அதே லயத்தின் பின்பக்கம் தெரிந்தது. பாசி பிடித்த சுவர், காற்றுக்குப் பறக்காமலிருக்கக் கல் வைத்த தகரம். பூவெல்லாம் ரயிலில் போகிறவர்களுக்கு மட்டும்தான் போல.

எனக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பிய தொழிலாளிப் பெண் செல்வமணி. நாற்பது வயதுக்குள்தான். அவர் முதுகில் கூடை இல்லை, உரச்சாக்கு மாதிரி ஒரு பை. கூடை விருந்தாளிகளுக்கு மட்டுமாம்.

"நீங்க திருச்சிப் பக்கமா? பேச்சு எங்க பேச்சாட்டமே இருக்கு," என்று அவர்தான் ஆரம்பித்தார். பேசிக்கொண்டே ஏறினோம். ஒரு நாள் வேலையை அங்கே 'பேர்' என்கிறார்கள். பதினெட்டுக் கிலோ பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிக் கூலி. மாதத்தில் இருபது முழுப் பேர் இருந்தால்தான் தனியாக ஓர் அலவன்ஸ்.

"பத்தொம்போது போட்டாச்சுங்க. இன்னைக்குத்தான் மாசக் கடைசி. மகளுக்குப் பதுளையில டியூஷன், அந்தக் காசு இதுலதான் போகுது. பகல் நிறுவையோட பதினாலு கிலோ ஆயிருச்சு. இன்னும் நாலு."

"அப்போ என்னோட நிற்கிற நேரம்?"

"ஒரு மணி நேரம்தானே? ஓடிப் பிடிச்சுருவேன். ஆபீஸ் ஐயா கூப்பிட்டா வராம இருக்க முடியுங்களா?"

சரி என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சம்பளப் பிரிவுக்காரி நான்!

இரண்டு இலை, ஒரு மொட்டு. கேட்க எளிது. அரை மணி நேரத்தில் என் இடுப்பு கழன்றது, கூடையில் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. அதிலும் பாதி முத்தல் இலை. அப்போது தம்பி போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "செல்வமணி, மேடத்தோட கூடை காலியா இருக்கு பாருங்க. படத்துல நல்லா இருக்காது. ரொப்பி விடுங்க."

செல்வமணியின் கைகள் இயந்திரம் மாதிரி ஓடின. பறித்துப் பறித்து என் கூடையில் போட்டார். அப்படியும் நிறையவில்லை. தன் பையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். "ஐயோ, போதும்க்கா," என்று நான் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தேன். பாசம் என்று நினைத்தேன், சத்தியமாக. அந்தச் சிரிப்புதான் முகப்புப் படத்தில் இருப்பது.

மூன்றரைக்குச் சேலையையும் கூடையையும் வாங்கிக்கொண்டார்கள். தேநீர் குடித்துவிட்டு, செல்வமணியிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று நிறுவைக் கொட்டகைக்கு நடந்தேன். மணி நாலே கால். அவருடைய பையைத் தராசில் மாட்டியிருந்தார்கள். கணக்கப்பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரெண்டரை. மொத்தம் பதினாறரை. அரைப் பேரு."

செல்வமணி பையை உதறி மடித்தார். தம்பியைத் தேடி ஓடினேன். என் கூடையில் இருந்ததை அவர் கணக்கில் சேருங்கள், அது அவர் பறித்த கொழுந்து என்றேன்.

"விருந்தாளி இலையில முத்தல் கலந்திருக்கும் மேடம். ஃபெக்டரிக்கு எடுக்க மாட்டோம்." கொட்டகைக்குப் பின்னால் கை காட்டினார். ஒரு குவியல். அடியில் கறுத்து அழுகி, மேலே பச்சையாக. உச்சியில் கிடந்தது என் கூடை இலை. அடப் பாவிகளா, படத்துக்காகப் பறிக்க வைத்துக் குப்பையில் கொட்டியிருக்கிறார்கள்!

"அவர் ஒரு மணி நேரம் உங்கள் வேலையைத்தானே பார்த்தார்? ஐயாயிரம் வாங்கினீர்களே?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம்."

இதே வாக்கியத்தை, இதே குரலில், திருப்பூரில் நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தவருக்கு அரை நாள் வெட்டும்போது, ஏன் தாமதம் என்று ஒருத்தரையும் நான் கேட்டதில்லை.

திரும்பி வந்து பர்ஸைத் திறந்தேன். செல்வமணி என் கையை மெதுவாகத் தள்ளினார்.

"வேணாங்க. நீங்க குடுத்தா அது தருமம். நான் வேலை செஞ்சேன், எனக்குப் பேருதான் வேணும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

ஆட்டோவில் மோகனிடம் கொட்டித் தீர்த்தேன். "மாசத்துல நாலஞ்சு பேருக்கு இப்படி ஆகுதுங்க," என்றார். "காலையில போனா பரவால்ல, அவங்க பொறவு பிடிச்சுருவாங்க. சாயந்தரம் போனீங்கன்னா ஆள் அம்புட்டுத்தான்." இறங்கும்போது முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா நீங்க திரும்பிப் போயிருப்பீங்களா?" என்றார்.

தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் வம்பு செல்வமணிக்குத்தான். பதுளைக்குப் போங்கள், பஸ்ஸில் தெமோதரை போங்கள், மலையைக் கண் நிறையப் பாருங்கள். கொழுந்து பறிக்கிற டிக்கெட்டை மட்டும் வாங்காதீர்கள். வாங்கித்தான் தீருவேன் என்றால், உங்களோடு நிற்கிறவருக்கு அன்றைக்கு முழுப் பேர் போடுவீர்களா என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு பணத்தை நீட்டுங்கள். எழுதித் தரவில்லை என்றால் திரும்பிவிடுங்கள்.

அந்தப் படத்தை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை மேலே போய்ப் பாருங்கள், என் முகத்தை விட்டுவிட்டுக் கூடையைப் பாருங்கள். அதில் நிறைந்திருப்பது செல்வமணியின் இருபதாவது பேர்.