இரைச்சலை வடிக்கும் தகரப்பெட்டி

வானத்தால் வருகிறதையெல்லாம் அப்படியே வீட்டுக்குள் விடக்கூடாது, வடித்துத்தான் விடவேண்டும் என்பது எங்கள் தொழில். றேடியோ வைத்திருப்பவர்களே, அது இல்லாமல் அயல்வீட்டு வேலியில் காதை வைத்திருப்பவர்களே, இந்த உபத்திரவம் உங்களுக்கும் தெரியும். கச்சேரி உச்சத்துக்கு ஏறுகிற நேரம் பார்த்து எங்கேயோ நடுக்கடலில் போகிற கப்பலொன்று 'டிக் டிக் டீக்' என்று தந்தியடிக்கும். கப்பல் பாடுகிறதா, பாடகர் தந்தியடிக்கிறாரா என்று பிடிபடாது.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் என் அண்ணைக்கு றேடியோ திருத்துகிற கடை. நான் அங்கே செப்புக்கம்பி சுற்றுகிறவன். சுற்றிய சுருளையும் ஒரு கண்டென்சரையும் பிஸ்கற் தகரத்துக்குள் வைத்து, ஏரியல் கம்பிக்கும் றேடியோவுக்கும் நடுவில் பூட்டினால் வேண்டாத சத்தம் அங்கேயே தங்கிவிடும். தேயிலை வடிக்கிற வடியைப் பார்த்து இதற்கும் 'வடி' என்று பெயர் வைத்தோம். கம்பி சுற்றச் சுற்ற எனக்குக் கண் சொருகும். கொழும்பும் சென்னையும் பேர் தெரியாத கப்பல்களும் என் விரலிடுக்கால் நழுவிப் போகிற மாதிரி இருக்கும். கேட்ட குரலைத் திருப்பிச் செய்து காட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. செய்தி வாசிப்பவர், பஸ் கொண்டக்டர், அண்ணை, அண்ணையின் தும்மல், எல்லாம் வரும்.

அந்த மாதம் அண்ணையின் தலைக்குள் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. பருத்தித்துறையில் தோணி ஓட்டுகிற தண்டயல் ஒருவர், வாடைக்காற்று தொடங்குமுன் கடைசித் தடவையாக நாகப்பட்டினம் போகக் காத்திருந்தார். கூடப் போகிறவர்கள் அவருடைய இரண்டு மகன்மார். செய்தி முடிவில் கடல் நிலவரம் சொல்லுகிற நேரத்தில்தான் கப்பல் தந்தி வந்து எல்லாவற்றையும் மூடும். அந்தத் தந்தியை வடித்துத் தரவேண்டும். வடியில் பிழை வந்தால் போவது றேடியோ மட்டுமல்ல, மூன்று உயிர்.

புத்தூரில் ஒன்று குறைந்தது

முதல் வடியைப் புத்தூர் வாத்தியார் வீட்டில் பூட்டினோம். அவருடைய றேடியோவில் கொழும்பும் சென்னையும் ஒரே பாயில் படுத்திருந்தன. "நெல் விலை ஏறக்கூடும்" என்று கொழும்பு சொல்ல, சென்னை மிருதங்கம் 'ஓம் ஓம்' என்று ஆமோதிக்கும்.

வடி பூட்டியதும் கொழும்பு போய்விட்டது. தனி வீணை, வாழைத்தோட்டத்தில் தண்ணீர் பாய்கிற மாதிரி வந்தது. அண்ணை பெருமையோடு பார்த்தார். வாத்தியாரின் முகம் வாடிப்போயிருந்தது.

"முந்தி ஒரு பெட்டியிலை ரண்டு கேட்டனான். நீங்கள் வந்து ஒண்டைப் பிடுங்கிப்போட்டியளே, தம்பியவை!"

உடுவிலில் புளி

உடுவிலில் ஒரு மாமிக்குப் பூட்டிய வடி சில நாளில் ஊமையாகிவிட்டது. போய்ப் பார்த்தால், தகரம் கிணற்றுக்கட்டில் தேத்தண்ணி வடிக்குப் பக்கத்தில் வெயில் காய்கிறது. சுருள் தங்கம் போல மின்னுகிறது. மாமி புளி போட்டு மினுக்கியிருக்கிறா. நான் உடனே மாமியின் குரலிலேயே, "ஐயோ, ஆர் பிள்ளை இதைக் கழுவினது?" என்று கேட்டேன். மாமி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து உண்மையாகவே கவலைப்பட்டா.

"இவ்வளவு நாள் வடிச்ச ஊத்தை முழுக்க உள்ளுக்கைதானே கிடக்கும், தம்பி? அதை அப்பிடியே விட்டால் பாட்டு நாறாதே?"

கொழும்புத்துறை மழை

கப்பல் தந்தி நன்றாகக் கேட்கிற இடம், யாழ்ப்பாணக் கரையிலேயே இருக்கிற கொழும்புத்துறை. தண்டயலின் வடியை அங்கே, மீன் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருக்கிற ஒரு முதலாளி வீட்டில் வைத்துச் சரிபார்த்தோம். சுருளில் ஒவ்வொரு சுற்றாகக் குறைத்துக்கொண்டு வர, தந்தி ஒரு கட்டத்தில் பட்டென்று நின்றது. பின்னால் சோவென்று கேட்ட இரைச்சலும் போய்விட்டது. ஒரு பெண் மட்டும் மிகத் தெளிவாகச் சமையற்குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்தா. அண்ணை என் முதுகில் தட்டினார். "இதுதான்ரா, இதிலை கை வைக்காதை."

சாய்மனைக்கதிரையில் அரைத்தூக்கமாகக் கிடந்த முதலாளி கண்ணைத் திறந்தார். வெளியே கடல் அசையாமல் பால் மாதிரிக் கிடந்தது.

"மேனை, அந்த மழைச் சத்தத்திலைதான் எனக்கு நித்திரை வாறது. அதை விட்டிட்டு மனுசியின்ரை சத்தத்தை வடிக்கேலாதே?"

தண்டயலின் காது

பருத்தித்துறைக்கு நாங்கள் போன பின்னேரம், தோணியில் சரக்கு ஏறி, தேங்காய் உடைத்து, மகன்மார் பாயடியில் நின்றார்கள். மெல்லிய காற்று மட்டும். கடல் நித்திரையில் மூச்சு விடுகிற மாதிரி மெல்ல ஏறி இறங்கியது. "நிலவரத்தைக் கேட்டவுடனை வெளிக்கிடுறன்" என்றார் தண்டயல்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். தண்டயல் வீட்டுக்கு முதல்முறை ஏரியல் கட்டப் போனபோது, நான் அலுமாரிக்குப் பின்னால் நின்று, செய்தி வாசிப்பவரின் குரலில், "பருத்தித்துறைத் தண்டயலாரின் வெள்ளாடு கடலில் நீந்திச் செல்வதாக அறிவிக்கப்படுகிறது" என்றேன். மனுசன் சால்வையையும் விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார். என்ன அருமையான ஓட்டம்!

வடியைப் பூட்டினோம். குரல் பக்கத்தில் இருந்து கதைக்கிற மாதிரி வந்தது. "வங்கக்கடலில் புயற்சின்னம். தோணிகள் கரையை விட்டுப் புறப்பட வேண்டாம்."

தண்டயல் விழுந்து விழுந்து சிரித்தார். "எடே குரங்கு, திரும்பவும் தொடங்கிட்டியோ?"

"நானில்லை ஐயா, நான் உங்களுக்கு முன்னாலைதானே நிக்கிறன்!"

"நீ வாயை மூடிக்கொண்டு தொண்டையாலை கதைக்கிற ஆள். றேடியோ எண்டால் கரகரக்கும். இது சுத்தமாய்க் கிடக்கு. எனக்குத் தெரியாதே?"

அண்ணை கோயிலில் சத்தியம் செய்யட்டோ என்று கேட்டார். "உம்மடை தம்பிக்கு நீர் சத்தியம் செய்யாமல் ஆர் செய்யிறது?" என்று சொல்லிக்கொண்டே தண்டயல் வேலிப் படலையைத் திறந்தார். கரையில் மூத்தவன் நங்கூரக் கயிற்றில் கை வைத்துவிட்டான்.

என் வாழ்க்கையில் முதல்முறை எனக்கு ஒரு குரலும் வரவில்லை. எட்டி வடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஏரியல் கம்பியை நேரே றேடியோவில் செருகினேன். வானம் முழுக்க உள்ளே கொட்டியது. கரகர, ஊய், டிக் டிக் டீக். அதற்கு அடியில், தண்ணீருக்குள் இருந்து கூப்பிடுகிற மாதிரி, "மீண்டும் அறிவிக்கிறோம்... தோணிகள்..."

தண்டயல் படலையைப் பிடித்தபடி நின்றார். தலையைச் சரித்துக் கேட்டார். பிறகு கரையைப் பார்த்து, வீடு அதிரக் கத்தினார்: "டேய், இது மெய்யான றேடியோ! பாயை இறக்குங்கோடா!"

விடியக் கடல் எழும்பிக் கரைத் தெருவுக்குள் வந்தது. தோணியை இழுத்துப் பனையோடு கட்டியிருந்தார்கள். மகன்மார் இருவரும் கயிற்றைப் பிடித்தபடி மழையில் நின்றார்கள். புயல் ஓய்ந்த பிறகு தண்டயல் கடைக்கு வந்து தகரத்தை மேசையில் வைத்தார்.

"நல்ல சாமான்தான், தம்பி. ஆனால் எனக்கு நம்பக்கூடிய சத்தம் வேணும்."

அன்றிலிருந்து நாங்கள் எந்த வடியிலும் கொஞ்சம் கரகரப்பை விட்டே கொடுக்கிறோம், சனம் உண்மையைக் குப்பையோடு சேர்த்துத்தான் விழுங்குகிறது.