ஆந்த்ரேக்கு அப்புறம்

பீளமேட்டில் அப்பா வேலை பார்த்த மில்லில் புது இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். ஊர் திரும்பும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களையெல்லாம் சாப்பிட அழைத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சித்தப்பா இருக்கும் தைரியத்தில்தான் அப்பா சம்மதித்தார். சித்தப்பா இங்கிலாந்தில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவர். வாழைக்காய் வறுவலை வைத்து எங்களுக்கு ஒரு வாரம் முள்கரண்டி பிடிக்கப் பழக்கினார்.

மேஜையில் ஆளுக்கொரு அட்டை. என்னென்ன வரும் என்று இன்ஜினியரின் மனைவியான துரைசானி டைப் அடித்து வைத்திருந்தாள். சித்தப்பா படித்துப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்.

"மொதல்ல அப்பிடைசர், சும்மா வாய்க்கு ருசி காட்டறதுங்க. அப்புறம் ஆந்த்ரே. அதும் கொஞ்சந்தான். பெரிய சாப்பாடு அதுக்கு மேலதானுங்க வரும். வயித்துல எடம் வெச்சுக்குங்க."

தக்காளிச் சாறு வந்தது. பிறகு பொன்னிறமாக முழுக்கோழி, சுற்றிலும் உருளைக்கிழங்கு. ஆந்த்ரேயே இப்படியென்றால் பெரிய சாப்பாடு எப்படி இருக்குமோ என்று மலைத்துப்போய், ஆளுக்கு இரண்டு வாய் தின்றோம். துரைசானி மறுபடி மறுபடி கேட்டாள். எல்லோருக்கும் சேர்த்துச் சித்தப்பாவே வேண்டாம் என்றார். கோழி பாதிக்கு மேல் அப்படியே சமையலறைக்குத் திரும்பிப் போனது. ஐஸ்கிரீம் வந்தது. காப்பி வந்தது.

"சித்தப்பா, பெரிய சாப்பாடு எப்பங்க வரும்?" என்று கேட்டுவிட்டேன்.

குழந்தை என்ன சொல்கிறது என்றார் துரை. சாப்பாடு பிரமாதம் என்று சொல்வதாகச் சித்தப்பா ஆங்கிலத்தில் சொல்லிச் சமாளித்தார்.

வீடு வந்ததும் அம்மா அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். ஆவி பறக்க, நெய் ஊற்றி, முதலில் சித்தப்பாவுக்குத்தான் போட்டாள். அவர் தட்டை விட்டுத் தலை தூக்கவில்லை.

"ஏனுங்க தம்பி, சீமையில ஆந்த்ரேக்கு அப்புறம் என்னென்ன வெப்பாங்க?" என்று கேட்டாள் அம்மா.

சித்தப்பா மெல்ல ஆரம்பித்தார். மூன்றாம் முறை சோறு வாங்கும்போது பழைய குரல் வந்துவிட்டது. அப்பாகூடச் சிரித்தார்.

அவர் சொன்னது தப்பில்லை என்பதே எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. இங்கிலாந்தில் ஆந்த்ரே என்றால் பெரிய சாப்பாட்டுக்கு முன்னால் வருவது. அமெரிக்கர்களுக்கு அதுதான் பெரிய சாப்பாடு.

அன்றைக்கோ, இவ்வளவு நடந்தும் இன்னும் சித்தப்பாவிடமே பாடம் கேட்கிறாளே என்று, வயிறு முட்டத் தின்றபடி அம்மாவை நினைத்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.