பஸ்ஸில் கேட்ட வாழ்த்து

இன்று எங்கள் கலியாண நாள். அவர் உல்லாசக் கப்பலில் உணவு பரிமாறுகிறார். நான் இருவர் பேருக்கும் அருச்சனை செய்துவிட்டு மானிப்பாய் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.

அவருடைய கோல் வந்தது. பஸ் இரைச்சலில் கேட்காதென்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாப்பிட்டாச்சோ?"

"ஓம். இண்டைக்கு என்ன நாளெண்டு..."

"கொஞ்சம் பொறும், கூப்பிடுகினம்."

கோலை நிறுத்தாமலே ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டார் போல. கப்பலில் கலியாண நாள் கொண்டாட வரும் சோடிகளுக்குக் கேக் கொண்டுபோய்ப் பாடுவதும் அவருடைய வேலைதான்.

கைதட்டல் கேட்டது. பிறகு அவர் குரல், நல்ல சந்தோஷமாக: "ஹப்பி வெடிங் அனிவேர்சரி!"

அதோடு லைன் அறுந்துவிட்டது.

பக்கத்து சீட்டில் இருந்த ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்தார்.

"உன்ரை மனுசனோ பிள்ளை? கடலுக்கை நிண்டும் மறக்கேல்லைப் பார். என்ரை ஆள் வீட்டுக்கை இருந்துகொண்டே மறந்துபோவார்."

"ஓம் அம்மா" என்றேன். வேறென்ன சொல்வது? அருச்சனைப் பையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா அதை உரித்தபடியே முன் சீட்டுக்கும் செய்தியைச் சொல்லிவிட்டார். நான் இறங்கும்போது கொண்டக்டர்கூட வாழ்த்தினார்.

எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாயிற்று. அவர் இன்னும் திரும்பக் கோல் எடுக்கவில்லை.

அவரும் இங்கே ஃபேஸ்புக்கில் என் நண்பர் பட்டியலில்தான் இருக்கிறார். வாழ்த்துகிறவர்கள் வாழ்த்துங்கள். தயவுசெய்து யாரும் அவரை டேக் பண்ண வேண்டாம்.