முகம் இல்லாத ஆல்பம்

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது: "வெள்ளி. மழை. ராத்தா இன்று வேலையை விட்டார்." மழை பெய்தது திகனவில் எங்கள் வீட்டுப் பக்கமா, அவர் வேலை பார்த்த கண்டி அலுவலகத்துப் பக்கமா என்று எழுதாமல் விட்டிருக்கிறேன். மூத்த சகோதரியை நாங்கள் ராத்தா என்போம். அவர் வேலையை விட்டது படம் பிடிப்பதற்காக. அதுவரை விடுமுறை நாட்களில் பிடித்த படங்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மேல் கலையும் பனி, பன்வில மலைப்பாதையில் ஒரே குடைக்குள் நடந்து போகும் மூன்று பெண்கள். நல்ல படங்கள். கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன்.

"பனியப் புடிச்சா ஒங்கள யாரு கூப்புடுற?" என்றார் உம்மா. வாப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். "ஒரு வருஷம் பாருங்க மகள். சரிவராட்டி திரும்பவும் ஒபிசுக்குத்தான்."

ராத்தாவிடம் ஒரு யோசனை இருந்தது. எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் பெண்களுக்குத் தனி மண்டபம். பல வீடுகளில் அதற்குள் கேமராவோடு ஓர் ஆண் நுழைய முடியாது. அதனால் மணப்பெண்ணுக்கு மிஞ்சுவது யாரோ ஒரு மச்சி முறைப் பெண் போனில் பிடித்த, கை ஆடிய நாலு படங்கள். அந்தக் கதவுக்குள் தன்னால் போக முடியும் என்று ராத்தா கணக்குப் போட்டார். போனார். படங்கள் மணப்பெண்ணின் கைக்கு மட்டுமே போகும், வேறு யார் கண்ணிலும் படாது என்று வாக்கும் கொடுத்தார். அவரைக் காரில் ஏற்றிச்சென்று, வாகனத் தரிப்பிடத்தில் காத்திருந்து, திரும்பக் கூட்டிவந்த எனக்கும் அந்த வாக்கு பொருந்தியது. மண்டபத்துத் திரைக்கு அப்பாலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

சிக்கல் அந்த வாக்கில்தான் இருந்தது. படம் பிடிப்பவரைத் தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பது பழைய படங்களை. ராத்தாவிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மாதங்கள் போயின; அழைப்புகள் ஒன்றிரண்டோடு நின்றன. கடைசியில் மணப்பெண்களிடம் கேட்டு, மாதிரிக்கென்று ஓர் ஆல்பம் செய்தார். வாசலில் குவிந்த செருப்புகள், மருதாணிக் கைகள், ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சோறு பிசையும் ஆறு வலக்கரங்கள். அதில் ஒரு முகம்கூட இல்லை.

வாப்பா தந்த வருடம் முடிய இருந்த நாட்களில் கெலிஓயாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை தன் தாயோடு வீட்டுக்கு வந்தார். நானும் அறையில் இருந்தேன். அவர் ஆல்பத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார்.

"என்த இது, எல்லாம் கையும் செருப்பும்! மூஞ்சி ஒண்டும் இல்லியே?"

"மூஞ்சி காட்ட ஏலா தம்பி."

"அப்ப எப்பிடி நம்புற? சும்மா ஒண்டு மட்டும் காட்டுங்க."

ராத்தா ஆல்பத்தை வாங்கி மூடினார். "ஏலா. வேற ஆளப் பாருங்க."

வாப்பா உள்ளே இருமினார். வந்த வேலை கைவிட்டுப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். அதுவரை தேத்தண்ணியே கவனமாயிருந்த தாய் கோப்பையைக் கீழே வைத்தார். "மகன், நாளக்கி ஒன்ட பொண்டாட்டிட மூஞ்சியப் பாக்க இன்னொருத்தன் இந்தக் கதிரயில வந்து குந்துவான். அவனுக்கும் இவ இதத்தான் செல்லுவா. பேசாம நாளக் குடு."

மாப்பிள்ளை காதுவரை சிவந்துபோய்த் திகதியைச் சொன்னார். அந்தத் தாய் கதையை ஊரெல்லாம் சொன்னார். படங்களைப் பற்றி அல்ல, காட்ட மறுத்ததைப் பற்றி. ராத்தா ஒபிசுக்குத் திரும்பவில்லை. இன்று கட்டுகஸ்தொட்டைக்கும் கம்பளைக்கும் போய்வர அவருக்கு நேரம் போதவில்லை. கலியாண மண்டபம் எடுக்குமுன் அவருடைய நாளைக் கேட்கிறார்கள்.

கெலிஓயாக் கலியாணத்தில் அவர் பிடித்த ஒரு படத்தைப் பற்றிப் பெண்கள் இன்னும் பேசுகிறார்கள். மணப்பெண்ணும் அந்த மாமியாரும் இருக்கும் படமாம். மணப்பெண் காட்டி என் மனைவி அதைப் பார்த்திருக்கிறார். படம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஒங்களுக்கென்னத்துக்கு?" என்று சிரிக்கிறார்.

எதையும் பார்த்து, ஒப்பிட்டுத்தான் எழுதுவது என் வழக்கம். கண்டிப் பக்கத்தில் இன்று படம் பிடிப்பவர்களில் ராத்தாதான் முதலாமவர் என்று பல பெண்கள் சொல்லக் கேட்டு இங்கே எழுதுகிறேன். நான் அதைச் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கவும் முடியாது.