மூன்றாம் பக்கத்து மீன் மெஸ்

நெட்டில் தேடினால் கடைப் பெயர் மேலே வரும்படி செய்வது என் தொழில். வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பரிகாரம் சொல்லும் ஜோசியனாகவே நினைக்கிறார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இது புதிதல்ல.

தெரிஞ்ச ஆபீசர்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் ரோட்டில் மீன் மெஸ் வைத்திருப்பவர் மாதம்மா அக்கா. அதே ரோட்டில் அவர் கடைக்குச் சற்று முன்பாக ஒரு பெரிய ஓட்டல் வந்ததும் சுற்றுலா வேன்கள் அங்கேயே நின்றுவிட்டன. நான் போட்டுக் கொடுத்த வெப்சைட்டோ தேடினால் மூன்றாம் பக்கம். சித்திரையில் என்னைப் பார்க்க வந்தார். ஆடிப் பதினெட்டுக்கும் கூட்டம் வராவிட்டால் கடையைச் சாத்திவிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதாக முடிவு செய்திருந்தார். மேலே ஏற மூணு மாசமாவது ஆகுங்க்கா என்று இழுத்தேன். குரலைத் தணித்துக் கேட்டார்:

"அந்த நெட்டுக் கம்பெனில நமக்குத் தெரிஞ்ச ஆபீசர் யாருமே இல்லீங்களா தம்பி?"

காதுகுத்தில் ஐந்து நட்சத்திரம்

சாப்பிட்டவர்கள் நாலு வரி நல்லதாக எழுதினால் கடை மேலே வரும் என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த வாரம் தீர்த்தமலையில் அவர் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. அக்கா பந்தி வாசலிலேயே நின்று, கை கழுவி வந்த ஒவ்வொருவரையும் போனை எடுக்கச் சொல்லி, தன் மெஸ்ஸுக்கு ஐந்து நட்சத்திரம் போட வைத்திருக்கிறார். மொய் எழுதாமல் நழுவியவர்கள்கூட இதில் தப்பவில்லை.

ஒரே நாளில் ஒரே இடத்திலிருந்து வந்த பாராட்டு போலி என்று கணக்காகி, இரண்டே நாளில் அத்தனையும் அழிந்து, கடை ஐந்தாம் பக்கத்துக்கு இறங்கியது. உங்க மெஸ்ல சாப்பிடாதவங்க எப்படி எழுதலாம் என்று கத்தியே விட்டேன். அக்கா அசரவில்லை.

"எங்கண்ணன் கல்யாணம் ஆவற வரைக்கும் என் கையாலதானுங்க சாப்ட்டாரு."

உலகத்தரம்

கோபம் தணிந்ததும், வெப்சைட்டில் நான் எழுதியிருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். பாரம்பரியச் சுவை, உலகத்தரம், இப்படி. "இது யாரு கடைங்க?" என்றார். சுருக்கென்றது. சரி, வண்டி நிறுத்துகிறவர்கள் என்னதான் கேட்பார்கள் என்றேன். கடகடவென்று சொன்னார்: வேன் நிறுத்த எடம் இருக்குதா? நாங்க வாங்கியாற மீன வறுத்துக் குடுப்பீங்களா? பொம்பளைங்களுக்கு பாத்ரூம் சுத்தமா இருக்குமா? ஈரத்துணி மாத்த முடியுமா?

ஜனங்கள் தேடுவதும் இதைத்தானே. என் அலங்காரத்தையெல்லாம் அழித்துவிட்டு, அந்தக் கேள்விகளையும் அவர் பதில்களையும் அப்படியே ஏற்றினேன். பாத்ரூம் போட்டோவும் போட்டேன். அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"மீன் கடைக்கு முன்னால கக்கூஸ் படத்தப் போட்டா மானம் போயிராதுங்களா?"

ஆடிப் பதினெட்டு

ஆடி பிறந்தபோது கடை முதல் பக்கத்தின் அடியில் வந்து ஒட்டிக்கொண்டது. பதினெட்டு அன்று காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். பத்து மணி வரை ஈ காக்காய் இல்லை. அக்கா துடைத்த மேஜையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு சேலத்து வேன் ஒன்று நின்றது. பெண்கள் இறங்கி, போனைப் பார்த்தபடி நேராகப் பின்பக்கம் போனார்கள். திரும்பி வந்து இருபது பேரும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். அதன் பின்னால் இரண்டு வேன். மூன்று மணிக்கு மீன் தீர்ந்து ரசம்தான் மிச்சம். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பெங்களூருக்கு வரலீன்னு மேஸ்திரிக்குப் போன் பண்ணிட்டேன் தம்பி. இன்னொரு பாத்ரூம் கட்டப்போறேன், அதையும் நெட்டுல போட்டுருங்க."

என் கடைப் பெயரை மேலே ஏற்றுங்கள் என்று யார் வந்தாலும், இப்போதெல்லாம் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் அவர்கள் கடைக் கொல்லைப்புறத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன்.