கொம்புக்குக் கீழே என் தோள்

எட்டாம் வகுப்புப் படிப்போடு இந்த வெளிநாட்டுக்கு வந்தவன் நான். விரி என்கிற ஊரில் சொந்தக் கராஜ், கிளென் ஈடனில் வீடு, மூன்று பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் இந்தக் கையால் உண்டாக்கினது. மான் வேட்டையும் தனியாய்த்தான் பழகினேன்.

போன வருசம் கூட்டாளியோடு தெற்கே மலையேறினேன். அன்று வெள்ளிக்கிழமை, அவனுக்கு விரதம். மான் எதிரே நிற்க, பசியில் அவன் கை நடுங்கியது.

“டேய், விரதக்காரன் சுடலாமோ?”

“சுடலாம் அண்ணை, தின்னத்தான் கூடாது.”

சிரிப்பை அடக்கிக் குனிந்து, துவக்கை என் தோளில் வைக்கச் சொன்னேன். ஒரே வெடியில் மான் விழுந்தது. என் வலது காது இன்னும் இரைகிறது.

பாவம், சந்தோசத்தில் அழுதான். அதுதான் அவனுடைய முதல் மான். கொம்பு அவன் வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும். ஆனால் வருகிறவர்களிடம் தனியாய்ச் சுட்டேன் என்கிறானாம். தோள் என்னுடையது, தம்பி. அதையும் சேர்த்துச் சொல்லு.