மயில்துத்தம் ஊற்றிய மேடையைப் பார்க்கத் திருமயத்துக்கு

ஐப்பசியில் நான் திருமயம் போனது ஊர் பார்க்க அல்ல. அக்கா வீட்டு மிளகாய் நாற்று சாய்கிறது என்று ஆள் வந்து சொன்னான். நெல் காய்ந்துபோன வருஷம். இந்த நாற்றும் போனால் அத்தான் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போவதாக முடிவு.

முந்தைய மாதம்தான் நானே போய் நாற்று மேடைக்கு மருந்து ஊற்றினேன். மயில்துத்தம் என்ற நீலச் செம்பு உப்பை மண்பானையில் கரைத்து, சுண்ணாம்புத் தண்ணீர் கலந்து, மண் ஊற ஊற. அழுகல் பூசணம் மண்ணில்தான் குடியிருக்கிறது. அதைக் கொன்றுவிட்டு விதைத்தால் நாற்று பிழைக்கும். பிறகு ஏன் சாய்கிறது? வழி நெடுக இதே எரிச்சல்.

திருச்சியில் காலை ஆறரை வண்டி. புதுக்கோட்டையில் இறங்கி பஸ் பிடிக்காதீர்கள், ஆள் நிரம்பாமல் நகராது. அதே ரயிலில் திருமயம் வரை போங்கள். அங்கிருந்து அக்கா ஊர் நாலு மைல், மாட்டு வண்டிக்கு ஆறணா.

"அங்கிட்டு ரோடு இல்லைங்க. எறங்கி நடந்தீங்கன்னா மாட்டுக்குப் புண்ணியம்" என்றார் வண்டிக்காரர். காசும் கொடுத்துப் பாதி வழி நடந்தேன்!

நேரே மேடைக்குப் போனேன். ஈசானிய மூலையில் தொடங்கி முக்கால் மேடை, தண்டு கருத்துச் சாய்ந்து கிடந்தது.

"அந்த மூலையில என்னக்கா போட்டே?"

"ஒண்ணும் போடலையேடா. வெதைக்கையில பழைய மேடை மண்ணு ஒரு கை. எந்த வருசம் அது இல்லாம வெதைச்சோம்? ராசி மண்ணுடா."

பழைய மேடையிலும் ஓரம் அழுகியிருந்தது எனக்குத் தெரியும். மருந்தில் செத்த பூசணம் அந்த ஒரு கை மண்ணோடு திரும்ப வந்ததை விளக்கிச் சொன்னேன். அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நானாடா கொன்னேன்?"

"விடு புள்ள" என்றார் அத்தான். மிஞ்சிய ஓரத்துக்கு மறுபடி மருந்து ஊற்றினோம். ஒரு வாரம் தங்கிப் பார்த்தேன், அதுவும் பிழைக்கவில்லை.

இந்த வேலையாகப் போகிறவர்களுக்கு: மயில்துத்தத்தை இரும்பு வாளியில் கரைக்காதீர்கள். கலவையில் கத்தியை நனையுங்கள். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. மருந்து ஊற்றியபின் வெளி மண் ஒரு சிட்டிகையும் மேடையில் விழக்கூடாது. மண்வெட்டியைக்கூட மருந்துத் தண்ணீரில் கழுவிவிட்டே வையுங்கள்.

அத்தானும் நானும் ஒன்றாகத்தான் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டோம். எனக்கு வடக்கே போகும் வண்டி, அவருக்குத் தெற்கே. தூரதேசம் போகிறவர் மடியில் வீட்டு மண் முடிந்துவிடுவது அந்த ஊர் வழக்கம். அக்கா ஒரு பிடி அள்ளி வந்தாள். அத்தானைப் பார்த்தாள். "வேணாங்க. ஏங் கை மண்ணு வேணாம்" என்று கீழே உதிர்த்துவிட்டாள்.

அத்தான் குனிந்து அதைக் கூட்டி அள்ளி மடியில் முடிந்துகொண்டார்.